அறிவும் உணர்வும்: ஆர்னே நெஸ் எழுதிய ஒரு சமன்பாடு



சென்ற மாத ஒலிபரப்பில் நான் வழங்கிய உரையை எழுத்தில் தரும்படி சிலர் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். அன்று நேரம் போதாமல் இடையில் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் வரி அறிக்கை, வீட்டுக்கடன், ஓய்வூதியம் பற்றித்தான் எழுதுவது. வணிகமாணிப் பட்டத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக மற்றவர்களுடைய கணக்குகளைப் பார்த்துச் சீவிக்கிற ஒருவனுக்கு மெய்யியலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னை அங்கே இழுத்துச் சென்றதும் ஒரு கணக்குத்தான்.

நாங்கள் வாழும் இதே ஒஸ்லோவில் 1912 இல் பிறந்தவர் ஆர்னே நெஸ். 1939 இல், 27 வயதில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியரானார். 1969 வரை அந்தக் கதிரையில் இருந்தார். உங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருடத்தில் 'எக்ஸ்ஃபில்' என்று முணுமுணுத்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாடத்துக்கு இவர் எழுதிய தருக்கவியல் நூலைப் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். ஒரு வாக்கியத்துக்கு எத்தனை பொருள் கொள்ளலாம், ஒரு வாதம் எங்கே ஓட்டை விடுகிறது என்று சொல்லிக்கொடுத்தவர். அதாவது அறிவின் பக்கம் நின்ற ஆள். அப்படிப்பட்டவர்தான் 1998 இல், தமது 86 ஆவது வயதில், பெர் இங்வார் ஹௌகெலாண்ட் என்பவரின் துணையுடன் 'லீவ்ஸ்ஃபிலோசோஃபி' என்ற நூலை வெளியிட்டார். வாழ்க்கைத் தத்துவம் என்பது அதன் பொருள். உணர்வுகளையும் அறிவையும் பற்றிய ஒரு தனிப்பட்ட பங்களிப்பு என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள்.

சமன்பாடு இதற்குப் பல வருடங்கள் முந்தியது. அவருடைய சூழலியல் எழுத்துகளிலும் அது வருகிறது. நல்வாழ்வுக்கு அவர் வைத்த சொல் 'திரிவ்செல்'. வேலைத்தலத்தில் மேலாளர் எங்களைப் பார்த்து, இங்கே உனக்குத் திரிவ்ஸ் ஆகிறதா என்று கேட்பாரே, அதே சொல். அதைக் கணக்கிட மூன்று அளவுகள். ஒன்று உடல்வலி. மற்றது மனவலி. மூன்றாவது 'க்ளோ'. அகராதியில் பார்த்தால் ஒளிர்வு, ஆர்வம் என்றெல்லாம் இருக்கும். எனக்கு ஊரில் அம்மாவின் விறகடுப்புத்தான் நினைவுக்கு வருகிறது. இரவில் சாம்பலை மூடிவிட்டுப் படுத்தால் காலையில் கிளற உள்ளே சிவப்பாக ஒன்று இருக்குமே, அதைத் தணல் என்போம். அந்தச் சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

தணலைத் தணலால் பெருக்க வேண்டும். வந்த தொகையை உடல்வலியும் மனவலியும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கிடைப்பது நல்வாழ்வு. அவ்வளவுதான்.

எண்கள் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்குத் தணல் 2, வலிகளின் கூட்டுத்தொகை 4 என்று வையுங்கள். இரண்டின் வர்க்கம் 4; அதை 4 ஆல் வகுக்க, நல்வாழ்வு 1. வலியைப் பாதியாகக் குறைத்தால் நல்வாழ்வு 2 ஆகிறது. வலி அப்படியே இருக்கத் தணல் இரட்டித்தால் நல்வாழ்வு 4. வலி முழுக்கப் பூச்சியமானால் வகுக்க முடியாது என்று கணிதம் படித்தவர்கள் குறுக்கிடுவார்கள். அப்படி ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை, ஆகவே அந்தக் கவலை வேண்டாம்.

கணக்காளனாக எனக்கு இதில் ஆட்சேபங்கள் உண்டு. தணலை எதால் அளப்பது? அலகு கிடையாது, பற்றுச்சீட்டு கிடையாது, எந்தக் கணக்காய்வாளரும் கையெழுத்து வைக்கமாட்டார். நெஸ்ஸும் இதைப் பாதி விளையாட்டாகத்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு விடயங்கள் என்னை உட்காரவைத்தன. முதலாவது, இந்தக் கணக்கில் பணம் என்று ஓர் உருப்படியே இல்லை. பணம் உடல்வலியைக் குறைக்கலாம், மனவலியைக் கொஞ்சம் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம்; தனக்கென்று ஓர் இடம் அதற்கில்லை. இரண்டாவது, தணல் பூச்சியமாக இருந்தால் வலியை எவ்வளவு குறைத்தாலும் விடை பூச்சியம்தான்.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் யோசியுங்கள். நோர்வே அரசாங்கம் கீழ்வரிசையை, அதாவது வலிகளை, கவனிப்பதில் கெட்டி. குடும்ப வைத்தியர் இருக்கிறார், சுகயீன விடுப்பு இருக்கிறது, நவ் அலுவலகம் இருக்கிறது. முதுகு நோவு என்றால் பயிற்சி சிகிச்சை, நித்திரை இல்லை என்றால் குளிசை. இவை பெரிய காரியங்கள். எங்கள் நாட்டில் எங்களுக்குக் கிடைக்காதவை. மனவலிக்கு வைத்தியரிடம் போவதை இன்றைக்கும் வெட்கமாக நினைக்கிற நேயர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இந்தச் சமன்பாட்டில் இரண்டு வலிகளும் ஒரே வரிசையில், ஒரே மதிப்பில் நிற்கின்றன. ஆனால் மேல்வரிசையை எந்த அலுவலகமும் நிரப்பித் தராது. இருபது வருடம் இரண்டு வேலை செய்து, வீட்டுக்கடனைக் கட்டி முடித்து, பிள்ளைகளைப் படிப்பித்து, எல்லாம் ஒழுங்கான பிறகு, 'இனி என்ன தம்பி?' என்று கேட்கிறவர்களை நான் வருடாவருடம் சித்திரை மாதத்து வரி அறிக்கைகளோடு சேர்த்துப் பார்க்கிறேன். அவர்களுடைய ஐந்தொகை அழகாக இருக்கும்.

இன்னொரு விதமானவரையும் சொல்லவேண்டும். துப்புரவு வேலை செய்கிற ஒருவர் தன் செலவுகளை ஒழுங்குபடுத்தித் தரும்படி வந்தார். மாதாமாதம் ஊருக்கு ஒரு தொகை போகிறது. சொந்தக்காரருக்கல்ல, தான் படித்த பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகளுக்கு. கணக்கின்படி வெட்டவேண்டிய முதல் வரி அதுதான். பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, 'அதை விடுங்கோ அண்ணை, காரை வித்துப் போட்டுப் பஸ்ஸில் போறன்' என்றார். காரை விற்கும் கணக்கையும் போட்டோம்; சரியாக வந்தது. கணக்கு என்ன செய்யும் என்றால், இருக்கிற காசில் எது எதற்குப் போதும் என்று சொல்லும். எது வேண்டும் என்று அது சொல்லாது. அதைச் சொன்னது அவருடைய தணல்.

இதை வெறும் மனம் சார்ந்த பேச்சு என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் வேலை செய்த போர்த்துக்கேய நரம்பியல் மருத்துவர் அன்ரோனியோ டமாசியோ 1994 இல் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். எலியட் என்று அவருக்குப் புனைபெயர் வைத்தார். நல்ல வர்த்தக நிறுவனத்தில் வேலை, குடும்பம், சேமிப்பு எல்லாம் இருந்தவர். மூளையின் முன்பகுதியில் வந்த கட்டியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். அதன்பின் அறிவுத்திறன் சோதனைகளில் ஒரு குறையும் இல்லை. ஞாபகம், கணக்கு, மொழி எல்லாம் சரி. ஆனால் வேலைக்குப் போனால், முன்னாலிருக்கிற ஆவணங்களைத் திகதிப்படி அடுக்குவதா, அளவுப்படி அடுக்குவதா என்று ஒரு பின்னேரம் முழுக்க யோசிப்பார். வேலை போயிற்று. நம்பக்கூடாத ஆளோடு கூட்டுச் சேர்ந்து சேமிப்பும் போயிற்று. மணவாழ்க்கை முறிந்தது. இந்தக் கதை முழுவதையும் வைத்தியரிடம், யாரோ ஒருவருக்கு நடந்ததைப்போல அமைதியாகச் சொன்னாராம். டமாசியோவைத் திடுக்கிட வைத்தது அந்த அமைதிதான். உணர்வு பெரும்பாலும் அணைந்துவிட்டதால், பத்து வழிகளில் எது முக்கியம் என்று காட்ட உள்ளே ஒன்றும் இல்லை. அறிவு இருந்தது, ஆனால் எடை போடக் கல் இல்லாத தராசுபோல.

'உணர்ச்சிவசப்படாமல் யோசி' என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நாங்களும் பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறோம். நெஸ் இந்தப் பேச்சைப் பாதி ஏற்கிறார், பாதி மறுக்கிறார். அவருக்கு இதில் வழிகாட்டி ஸ்பினோசா. 1632 இல் அம்ஸ்ரர்டாமில் பிறந்த யூதர். சமய விசாரணைக்கும் துன்புறுத்தலுக்கும் தப்பிப் போர்த்துக்கலிலிருந்து ஒல்லாந்துக்கு வந்த குடும்பம். ஆக அவரும் அகதி வீட்டுப் பிள்ளைதான். 1656 இல், 23 வயதில், அவரது கருத்துகளுக்காகச் சொந்தச் சமூகமே அவரை விலக்கிவைத்தது. கண்ணாடி வில்லைகள் தேய்த்துச் சீவித்தார். அவருடைய முக்கிய நூலான 'அறவியல்' அவர் இறந்த பிறகு, அதே 1677 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஸ்பினோசா உணர்வுகளை இரண்டாகப் பிரிக்கிறார். எங்கள் மேல் வந்து விழுந்து எங்களை இழுத்துக்கொண்டு போகிறவை ஒரு வகை. அவற்றில் நாங்கள் செயலற்றவர்கள். எங்கள் இயல்பிலிருந்து எழுந்து எங்களைச் செயற்படவைப்பவை மற்ற வகை. இந்த முதல் வகையை வெறும் அறிவுரையால் அடக்க முடியாது, ஓர் உணர்வை அதைவிட வலுவான இன்னோர் உணர்வால்தான் வெல்லலாம் என்பது அவருடைய கணிப்பு. அப்படியானால் அறிவுக்கு என்ன வேலை? என்னைப் பிடித்திருக்கிற உணர்வு என்ன, அது எங்கேயிருந்து வந்தது என்று தெளிவாக விளங்கிக்கொள்வது. விளங்கிக்கொண்ட அளவுக்கு அது என்னை இழுப்பது குறைகிறது.

எடுத்துக்காட்டு சொன்னால் சுலபம். வானொலிக்கு அடிக்கடி அழைக்கிற ஒருவர். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற காணி விடயமாகத் தமையனோடு பத்து வருடமாகக் கதையில்லை. வரி பற்றிக் கேட்க எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் காணிக்கு வந்துவிடுவார். ஒருநாள் அவரை ஒரு தாளில் எழுதும்படி சொன்னேன். காணியின் இன்றைய பெறுமதி எவ்வளவு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, வழக்குப் போட்டால் என்ன செலவு, வென்றால் அந்தக் காணியை என்ன செய்யப்போகிறீர்கள். கணக்காளன் கேட்கிற கேள்விகள்தான். இரண்டு கிழமை கழித்து எடுத்தார். தன் பங்கின் பெறுமதி தான் இங்கே வாங்கிய வாகனத்தைவிடக் குறைவு என்று முதலில் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் மௌனம். 'அம்மா செத்தபோது எனக்கு விசா இல்லை, போக முடியேல்லை. கொள்ளி வைச்சது அவன்' என்றார். கோபம் காணிமேல் இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அண்ணனோடு கதைத்தாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரி பற்றிக் கேட்க எடுத்தால் வரி பற்றி மட்டும்தான் கதைக்கிறார்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததா என்று ஒரு நேயர் கொஞ்சம் சூடாகவே கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் இருக்கிறது. மெய் என்றால் உடல். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவையெவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகைக்குரிய நான்கில் வறுமை உண்டு, இழப்பு உண்டு, பிறரால் இழிவுபடுதல் உண்டு. இவை யாருக்கும் விளங்கும். மிச்சமிருக்கிற ஒன்றுக்கு 'அசைவு' என்று பெயர். முன்பிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலைக்கு ஆகி வருந்துவது என்று உரையில் விளக்கம் வருகிறது.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஊரில் 'மாஸ்ரர்' என்று சைக்கிளிலிருந்து இறங்கி மரியாதை கொடுக்கப்பட்டவர் இங்கே உணவகத்தின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவினார். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் இறப்பர்ச் சப்பாத்தோடு நின்றவர்களில் படித்தவர்கள் எத்தனை பேர். அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. யாரும் அவர்களை அடிக்கவில்லை. 'இங்கே எல்லாம் இருக்கே, பிறகென்ன?' என்று பிள்ளைகள் கேட்கும்போது அவர்களுக்கு விடை சொல்லத் தெரியாது. அந்தத் துக்கத்துக்குத் தமிழில் பெயர் இருந்திருக்கிறது. ஒரு வலிக்குப் பெயர் வைப்பது ஸ்பினோசா சொல்கிற தெளிவின் முதற்படி என்று நான் நினைக்கிறேன்.

அதே இயலில் உவகைக்கும் நான்கு காரணங்கள். செல்வமும் காதலரின் கூடலும் அதில் உண்டு, மறுக்கவில்லை. அவற்றோடு விளையாட்டும் இருக்கிறது. 'புலன்' என்பதும் இருக்கிறது, அதை அறிவுடைமை என்று கொள்கிற உரை உண்டு. அதாவது அறிவு உணர்வுக்கு எதிரியாக அல்ல, மகிழ்ச்சி பிறக்கிற இடங்களில் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. நெஸ்ஸும் விளையாட்டை விடாதவர். மலையேறுவதில் பைத்தியம்; 1950 இல் பாக்கிஸ்தானிலுள்ள திரிச்மிர் சிகரத்தை முதன்முதலில் தொட்ட நோர்வே அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். பியானோ வாசிப்பார், குத்துச்சண்டை பழகுவார். 57 வயதில் பேராசிரியர் பதவியை விட்டபோது, இயங்கிக்கொண்டிருப்பதைவிட வாழ விரும்புவதாகச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் அவரோடு கொஞ்சம் முரண்படுகிறேன். ஹாலிங்ஸ்கார்வெட் மலையடியில் சுமார் 1500 மீற்றர் உயரத்தில் அவருக்கு ஒரு குடில் இருந்தது, பெயர் த்வெர்காஸ்டைன். 1930 களின் பிற்பகுதியில் கட்டியது. வாழ்நாளில் பத்து வருடங்களுக்கு மேற்பட்ட காலத்தை அங்கே கழித்திருக்கிறார். குளிரில் கொஞ்ச விறகு, எளிய சாப்பாடு, நிறையப் புத்தகங்கள். எளிய வழிகளால் வளமான வாழ்வு என்பது அவருடைய கொள்கை. நல்லதுதான். ஆனால் அவருடைய அண்ணன் பெரிய கப்பல் முதலாளி. குடும்பத்தில் பணத்துக்குக் குறைவில்லை. எந்த நேரமும் கீழே இறங்கி வரலாம் என்று தெரிந்துகொண்டு குளிர்க் குடிலுக்குப் போவதும், வீட்டுக் கதவைப் பூட்டக்கூட நேரமில்லாமல் துரத்தப்பட்டுத் தகரக் கொட்டகையில் படுப்பதும் ஒன்றல்ல. எளிமையைத் தேர்ந்தெடுக்க முதலில் தேர்ந்தெடுக்கிற உரிமை வேண்டும். எங்கள் வயதானவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் சேர்த்து வைப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது இதையும் சொல்லிக்கொடுங்கள்.

2009 பற்றி ஒரு வார்த்தை. தை 2 ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. பத்து நாள் கழித்து, 12 ஆம் திகதி, ஒஸ்லோவில் ஆர்னே நெஸ் தமது 96 ஆவது வயதில் காலமானார். எங்கள் கலையகத்தில் அவருடைய பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. எங்களுக்கு அந்த மாதங்களில் வாசிப்பதற்கு வேறு பெயர்கள் இருந்தன. வைகாசி 18 வரை அப்படித்தான். ஒவ்வொரு பெயரையும் ஊரையும் இரண்டு இடங்களில் விசாரித்த பிறகுதான் ஒலிவாங்கிக்கு முன்னால் போவோம். ஏனென்றால் ஒரு பெயர் மாறினால் ஒஸ்லோவில் ஏதோ ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிறவருக்குச் செத்தவீடு நடக்கும். ஒரு நாள் செய்தி முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் எடுத்து, 'தம்பி, உங்களுக்கு அழுகை வராதோ?' என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. 'வாசிச்சு முடிஞ்ச பிறகு வரும் அம்மா' என்றேன். அவர் போனை வைக்காமல் அழுதுகொண்டிருந்தார், நானும் வைக்கவில்லை. செய்தியை நிதானமாக வாசிக்க வைத்தது உணர்வில்லாமை அல்ல. அந்த அம்மாவைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற இன்னோர் உணர்வு, துக்கத்தைவிட அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் பலமாக நின்றது. ஸ்பினோசாவை நான் அப்போது வாசித்திருக்கவில்லை.

பிள்ளைகள் விடயத்தையும் தொடாமல் விட முடியாது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குச் சித்திரை 15 கடைசித் திகதி என்பது எங்கள் வீடுகளில் பரீட்சை நாளைவிடப் பெரிய நாள். மருத்துவமா, பொறியியலா, சட்டமா என்று பெற்றோர் சம்பள அட்டவணையோடு உட்காருவார்கள். சிலர் என்னிடமும் கேட்பார்கள், எது கூட வரும் என்று. நான் சொல்வேன், அது என் தொழில். கூடவே பிள்ளையிடம் ஒன்றைக் கேட்கச் சொல்வேன்: எந்தப் பாடத்துக்கு நீ நேரம் பார்க்காமல் இருந்து படிக்கிறாய்? அதற்கு வருகிற விடை முடிவல்ல. தணல் இருக்கிற இடத்தில் வேலை இல்லாமலும் போகலாம், அதைக் கணக்கால் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த விடையை வாங்காமல் போடுகிற கணக்கு, வரவுப் பக்கத்தை வெறுமையாக விட்டுச் செலவை மட்டும் கூட்டின கணக்கு.

நெஸ்ஸின் நூல் நோர்வேஜிய மொழியில் கடினமானதல்ல. பியொர்விக்காவிலுள்ள டைக்மன் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மொழி தயக்கம் உள்ளவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஒவ்வோர் அத்தியாயமாக வாசிக்கலாம். உங்கள் கருத்துகளை வழக்கமான தொலைபேசி இலக்கத்திலோ கடிதத்திலோ தெரிவியுங்கள். காணியைப் பற்றியும் எழுதலாம். அடுத்த மாத உரை ஓய்வூதியம் பற்றியது. 62 வயதில் எடுப்பதா, 67 வரை பொறுப்பதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு அட்டவணைகளோடு வருகிறேன்.